நடுவர்களுக்கு நீளக் காற்சட்டை

எங்கள் வீட்டில் என்ன வியாபாரம் நடக்கிறது என்பதைச் சொந்தக்காரர் ஒருவருக்கும் ஒழுங்காக விளங்கவைக்க முடிந்ததில்லை. கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் அப்பா "ஸ்போர்ட்ஸ் சாமான்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். கேட்டவர் அதைக் கிரிக்கெட் என்று எடுத்துக்கொண்டு, தன் மகனுக்கு நல்ல மட்டை ஒன்று மலிவாக எடுத்துத் தர ஏலுமோ என்பார். அப்பாவிடம் மட்டை கிடையாது, பந்தும் கிடையாது. விளையாடுகிறவர்களுக்கு நாங்கள் எதையுமே விற்கவில்லை. பேஸ்போல் ஆட்டத்தில் பந்து பிடிப்பவருக்குப் பின்னால் குனிந்து நின்று, வந்த பந்து சரியா பிழையா என்று கத்துகிற நடுவருக்கு மட்டும்தான் விற்றோம்.

இதைத் தொடங்கியவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. ஊரிலிருந்து தனியாக வந்து, இந்த நகரத்தில் மிச்சம் என்கிற பகுதியிலிருந்த எங்கள் வீட்டில், என் அறையில், என்னோடு இருந்தார். டிராம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த லோண்டரிக் கடையில் உடுப்புத் திருத்துவது அவருடைய வேலை. ஒரு நாள் உயரமான, தடித்த, வயதான வெள்ளைக்காரர் ஒருவர் சாம்பல் நிறக் காற்சட்டையைக் கொண்டுவந்து, முழங்காலுக்குக் கீழே அகலமாக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எதற்கு என்று சின்னம்மா கேட்க, அவர் பையிலிருந்து ஆமை ஓடு போன்ற கவசத்தை எடுத்து அங்கேயே காலில் கட்டிக் காட்டினாராம். பந்து அடித்தால் கால் எலும்பு முறியாமல் இருக்க அது வேண்டும். அதற்கு மேலே காற்சட்டை போடவேண்டும். கடையில் விற்கிற எந்தக் காற்சட்டையும் அதற்கு மேலே ஏறாது. சின்னம்மா தையலைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

நடுவராக இருந்த அந்தப் பெரியவர் போய் மற்ற நடுவர்களிடம் சொன்னார். இந்த நாட்டில் பேஸ்போல் விளையாடுகிறவர்களே கொஞ்சப் பேர். அதில் நடுவர்கள் இன்னும் குறைவு. ஆனால் அந்தக் கொஞ்சப் பேரும் ஒருவர் பின் ஒருவராக எங்கள் வீட்டு மணியை அடித்தார்கள். காற்சட்டைக்கு வந்தவர்கள், கம்பி போட்ட முகமூடி எங்கே வாங்கலாம், நெஞ்சுக் கவசம் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஷிப்ட் முடிந்து வந்து அமெரிக்காவுக்குப் போன் எடுத்து அவற்றை வரவழைக்கத் தொடங்கினார். எங்கள் முன் அறை நிரம்பியது. சாமிப் படங்களுக்குக் கீழே ஆணி அடித்து முகமூடிகளைத் தொங்கவிட்டிருந்தோம். விளக்கு வைத்துக் கும்பிடும்போது பிள்ளையாரும் முருகனும் மேலேயிருந்து பார்க்க, கீழே வரிசையாகக் கம்பி முகங்கள் பார்க்கும். எனக்கு அது ஒரு சாதாரண சாமி அறை. மற்றப் பிள்ளைகளின் வீட்டில் முகமூடி இல்லாததுதான் எனக்கு வெறுமையாகத் தெரிந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சின்னம்மாவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கிங்ஸ்பரியில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே படித்த என்ஜினியர். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. இரண்டு பேரும் சில தடவை போனிலும் கதைத்துவிட்டார்கள். இனி அவர் தாயாரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

சனிக்கிழமை முழுக்க அப்பா பெட்டிகளை மாடிக்குச் சுமந்தார். என் கட்டிலுக்குப் போவதற்குப் பெட்டிகளின் மேலால் ஏறி இறங்கவேண்டியிருந்தது. முகமூடிகளைக் கழற்றினார்கள், ஆணிகள் மட்டும் நின்றன. அம்மா அதில் பிளாஸ்ரிக் பூமாலை கொழுவினார். வாய்ப்பன், உழுந்துவடை, பயத்தம் பணியாரம் எல்லாம் செய்தார். சின்னம்மா மயில் கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை உடுத்தார். சின்னம்மா போய்விட்டால் அந்த அறையில் நான் தனியாகப் படுக்கவேண்டும் என்பதும், கிங்ஸ்பரி என்பது இரண்டு ரயில் மாறிப் போகிற இடம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மாப்பிள்ளை மெல்லியவர். கண்ணாடி போட்டிருந்தார். தாயார் கதிரையின் நுனியில் இருந்து வீட்டை அளந்தார். பெரியவர்கள் வெயிலைப் பற்றியும் வாகன நெரிசலைப் பற்றியும் கதைத்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் கண் ரிவிப் பெட்டிக்கு மேலே போனது. அப்பா ஒரு முகமூடியை அங்கே மறந்துவிட்டிருந்தார்.

"இது சரியான பாரமோ?" என்று அவர் சின்னம்மாவைக் கேட்டார். அதுதான் அவர் நேரே கேட்ட முதல் கேள்வி.

"போட்டுப் பாருங்கோ" என்றார் சின்னம்மா.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகமூடியைப் போட்டார். சின்னம்மா எழுந்து போய்ப் பின்பட்டியை இறுக்கிவிட்டார். உள்ளேயிருந்து அவருடைய குரல், "கம்பி ஒண்டும் மறைக்கேல்லை, எல்லாம் நல்லாத் தெரியுது" என்றது. சின்னம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். சாமிப் படங்களுக்குக் கீழே அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததும் எனக்கும் வீடு பழையபடி ஆகிவிட்டது போல் இருந்தது.

"கழட்டு தம்பி, தலைமயிர் குழம்புது" என்றார் தாயார்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கதவுக்குக் கிட்ட இருந்தவள் நான்தான். திறந்தேன். முதன்முதலாக லோண்டரிக் கடைக்கு வந்த அதே பெரியவர், கையில் பெரிய பையோடு நின்றார். குரொய்டனிலிருந்து டிராமில் வந்திருந்தார். அன்று பின்னேரம் அவருக்கு ஒரு முக்கியமான ஆட்டம். தபாலில் நாங்கள் அனுப்பிய புதுக் காற்சட்டையின் கால் ஒரு சாண் கூடுதல் நீளம். பந்து உயரே எழும்பினால் நடுவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் விலகவேண்டும். தன் காற்சட்டையைத் தானே மிதித்து விழுந்தால் மைதானம் முழுக்கச் சிரிக்கும், எலும்பும் முறியும். உள்ளே விருந்தாளிகளைக் கண்டதும் அவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார்.

"நில்லுங்கள்" என்று சின்னம்மா ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததை நான் கண்டேன். சின்னம்மா தலைப்பை விடுவித்துக்கொண்டு போய்விட்டார்.

காற்சட்டையின் கீழ்க்கரை மடிப்பதற்கு அளவு எடுப்பதென்றால் அவர் கவசங்களையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டும். எப்போதும் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வருகிற மனிதர். அன்றைக்கு விருந்தாளிகளுக்கு முன்னால், மாடிப்படியின் கீழே, இரும்பு முனை வைத்த கறுத்த சப்பாத்தோடு வீட்டுக்குள் நின்றார். முன் அறைக் கதவு திறந்தபடி இருந்தது. மயில் கழுத்துச் சேலையைச் சொருகிக்கொண்டு, சின்னம்மா வாய் நிறையக் குண்டூசிகளோடு அவருடைய காலடியில் முழந்தாளிட்டார். பெரியவர் கைகள் இரண்டையும் உடம்பை விட்டு விலக்கிவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

முன் அறையில் ஒருவரும் வடை சாப்பிடவில்லை. கடைசியில் தாயார், கோபம் துளியும் காட்டாத குரலில், "பிள்ளை, அவரை நாளைக்கு வரச் சொல்லுங்கோவன்" என்றார்.

சின்னம்மா ஊசிகளை உள்ளங்கையில் துப்பினார். "இண்டைக்கு அவருக்கு மட்ச், மாமி. கொஞ்ச நேரம்தான், முடிஞ்சுது."

"கலியாணத்துக்குப் பிறகும் இப்பிடித்தானோ?"

"எப்பிடி மாமி?"

"ஊராற்ற காலடியில குந்தியிருக்கிறது."

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். சின்னம்மா தாயாரைப் பார்க்கவில்லை. கதவு வழியே, கதிரையில் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மாப்பிள்ளை முகமூடியின் தோற்பட்டியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ரிவிக்கு மேலே இருந்த சாமானை அவர் திருப்பித் தரவில்லையே, அதற்குத்தான் சின்னம்மா பார்க்கிறார் என்று நினைத்து நான் போய் அதைக் கேட்டு வாங்கி வந்தேன். அவர் மறுபேச்சில்லாமல் தந்தார்.

சின்னம்மா தாயாரிடம் திரும்பினார். "ஓம் மாமி. இது என்ர வேலை. கரை மடிக்கிறதெண்டால் கீழ இருந்துதான் மடிக்கோணும்."

பிறகு ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு மற்றக் காலுக்குப் போனார்.

அவர்கள் தேநீரை முடித்தார்கள். மரியாதை குறையாமல், அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். நடுவர் சுவரோடு ஒட்டி நின்று அவர்களுக்கு வழி விட்டார். தாயார் சேலையை ஒதுக்கிக்கொண்டு கடந்தார். மாப்பிள்ளை நடுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சின்னம்மாவிடம் "வாறன்" என்றார். சின்னம்மா வாயில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

மேலே சின்னம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, என்ன நடந்தது என்று பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். சின்னம்மாவைக் கிங்ஸ்பரிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தார்கள், ஆனால் அவ போகவில்லை என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, கிங்ஸ்பரி கொஞ்சம் தூரம்தான் என்றார். அம்மா அவருக்கு ஒரு தட்டு நிறைய வடை கொடுத்தார். இனி அதைத் தின்ன வேறு ஆள் இல்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, கவசத்துக்கு மேலே புதுக் காற்சட்டையோடு டிராமுக்கு நடந்துபோனார்.

அப்பா சத்தம் போடவில்லை. "கொஞ்சம் எழும்பி நிண்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

"நான் எழும்பியிருந்தால் அந்த மனுசன் விழுந்திருக்கும், அத்தான்."

அந்த வாரத்துக்குள் கிங்ஸ்பரியிலிருந்து போன் வந்தது. குறிப்பை இன்னொரு ஐயரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். அம்மா போனை வைத்துவிட்டு, "நல்ல பெடியன்" என்றார். பிறகு ஆணிகளிலிருந்த பூமாலையைக் கழற்றினார். அப்பா முகமூடிகளைக் கீழே கொண்டுவந்தார்.

அதன் பிறகு நடந்தவை நல்லவைதான். சில வருசங்களில் வியாபாரம் வீட்டைவிட்டு மிச்சத்திலேயே ஒரு தொழிற்பேட்டைக்குப் போனது. அப்பா பஸ் ஓட்டுவதை விட்டார். ஜேர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் நடுவர்கள் தங்கள் கால் அளவை அனுப்புகிறார்கள். சின்னம்மாவுக்கு இதே நகரத்தில், எட்மண்டனில் ஒருவர் அமைந்தார். கலகலப்பான மனிதர். கலியாணத்துக்கு மறுமாதமே மிச்சத்துக்கு வீடு மாறி வந்து, பார்சல் கட்டப் பழகிக்கொண்டார். இரண்டு பெடியன்கள். இரண்டு பேருக்கும் பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாது.

நான் இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போய் இணையத்தில் வருகிற ஓடர்களைப் பார்க்கிறேன். எனக்கும் வீட்டில் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்த ஒரு நாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை வந்தது. நான் அதை எப்போதும் சொல்கிற மாதிரி, வெற்றிக் கதையாகச் சொன்னேன். சின்னம்மா துணியில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருந்தது" என்றார், கோட்டை நிறுத்தாமல்.

நான் ஓடர் பார்ப்பதை நிறுத்தினேன்.

"போனில கதைக்கேக்க, தன்ர வீட்டில வெளிச்சமான சின்ன அறை ஒண்டு இருக்கு, அதில உங்கட மெஷினை வைக்கலாமெண்டு சொன்னவர். அண்டைக்கும் அதைத் தாய்க்கு முன்னால ஒருக்காச் சொல்லுவரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஏன் சின்னம்மா அப்ப ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"ஆரிட்டைச் சொல்லுறது? அக்கா அழுதுகொண்டு நிண்டா. உன்னட்டையோ? நீ வீடு முழுக்கத் துள்ளித் திரிஞ்சனி."

துள்ளியது எனக்கு நல்ல ஞாபகம். அன்று பின்னேரம் நெஞ்சுக் கவசத்தைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குப் பெட்டி தாவி, சின்னம்மா போகேல்லை, சின்னம்மா போகேல்லை என்று கத்தினேன். அவரையும் இழுத்தேன். அவர் பட்டுச்சேலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில்மேல் ஏறினார். நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷத்தில் துள்ளினோம் என்றுதான் இவ்வளவு காலமும் நான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன்.