கவாத்தில் தொடாத மரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வழியாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தபோது என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார்கள். மண் தோண்டும் மெஷினோடு நடக்க வேண்டும். பழைய பொருள் எதுவும் தெரிந்தால் ஊதி நிறுத்த வேண்டும். பார்த்துச் சொல்ல யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு மலாய்க்கார ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். இருபது வருசம் கவாத்து வெட்டியவன், மலை முழுக்கத் தெரியும் என்று என்னைப் பிடித்தார்கள். பயந்தாங்கொள்ளியா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் வாரம் கண்டதற்கெல்லாம் ஊதினேன். துருப்பிடித்த பால் டின், பீங்கான் துண்டு, அப்புறம் ஒரு எலும்பு. எலும்பைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் அடுத்த மலையில் மருந்தடித்தவர்கள் ஓடி வந்தார்கள். ஆராய்ச்சியாளர் பிரஷால் துடைத்துப் பார்த்து, "கம்பிங்" என்றார். ஆடு. ஏதோ ஒரு திருவிழாவில் வெட்டியது. கடித்தவர்களில் நானும் இருந்திருக்கலாம்.

பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரே ஒரு தேயிலைச் செடியை மட்டும் நாங்கள் கவாத்தில் தொட்டதில்லை. மற்றதெல்லாம் இடுப்பளவு நிற்க, அது என்னைவிட உயரமாக வளர்ந்து மரமாகிவிட்டது. எனக்கு முன்னால் வெட்டியவர் விட்டார், நானும் விட்டேன். விதைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குழாய்க்காரர்கள் அதில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

அன்று காலை ஒரு அக்கா வந்தார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், எங்கள் லயம்தான்.

"தம்பி, அந்த மரத்தையா எடுக்கப் போறீங்க?"

"ஆமாக்கா. குழாய் அது வழியாத்தான் போவுது."

"அதுக்குக் கீழ என் பிள்ள இருக்கு."

மூன்று நாள் மட்டும் இருந்த பெண் குழந்தை. பிரசவமான உடம்போடு இவர் வீட்டுக்குள் கிடக்க, புருசன் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து இடத்தை மட்டும் சொன்னாராம். கவாத்துக்காரர்களிடம் அந்தச் செடியை விடச் சொன்னது அப்போதைய கங்காணி. புருசனும் இல்லை, கங்காணியும் இல்லை.

"இத்தன வருசமா ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்டியா?"

எலும்பு வெளியே வந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போட்டோ எடுப்பார்கள். 'உனக்கு எப்படித் தெரியும்' என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். லாக்கப்பில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன். அதற்குள் மெஷின் மரத்தை நோக்கி நகர்ந்தது.

ஊதினேன். எச்சில்தான் வந்தது. ஓடிப்போய் முன்னால் நின்றேன். வீரமாக நின்றதாக எழுத ஆசைதான். பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மெஷினின் மண் அள்ளும் வாளி என் தொப்பிக்கு மேலே வந்து நின்றது.

மெஷின் ஓட்டும் கம்போங் ராஜா ஊர்ப் பையன் எட்டிப் பார்த்தான். "என்னாண்ணே, இன்னிக்கும் ஆட்டுக்காலா?"

"ஒண்ணும் கிடைக்கலடா."

"அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?"

"கிடைச்சிடக் கூடாதுன்னுதான்லா!"

என் முகத்தைப் பார்த்து இன்ஜினை அணைத்தான்.

ஆராய்ச்சியாளர் வந்தார். நான் மலாயில் உளறியதை முழுக்கக் கேட்டார். அளவு டேப்பை எடுக்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிறகு அரைமணி நேரம் போனில் யாரோடோ வாதாடினார். குழாயை வளைக்கலாமாம். எவ்வளவு தள்ளினால் போதும் என்பதுதான் கேள்வி. குழந்தை மரத்துக்கு எந்தப் பக்கம் என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார்.

"தெரியாது தம்பி. நான் பாக்கலியே," என்றார் அக்கா.

தோண்டிப் பார்த்தால் தெரியும். அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வாய் ஓயாத எனக்கும்தான்.

அக்கா எழுந்து மரத்தில் கை வைத்தார். அங்கிருந்து குழாய்ப் பள்ளத்தை நோக்கி நடந்தார், சின்னச் சின்ன அடியாக, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போவதுபோல. ஏழாவது அடியில் நின்றார். திரும்பி மரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு அடி வைத்தார்.

"இங்க."

மெஷின் பையன் இறங்கி வந்து, அவர் காலடியில் குழாய்க்கான எல்லை முளையை அடித்தான்.