கறுப்புத் தாள் சுற்றிய புட்டி

பூச்சிமருந்து தானாகச் சிதைந்துபோக எத்தனை நாளாகும் என்று அளப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. மண்ணில் அளப்பவள் மூத்த மருமகள். குளத்துத் தண்ணீரில் அளப்பவள் அவளுடைய ஓரகத்தி. வீட்டிலும் ஒரே அடுப்பு, வேலையிலும் ஒரே மேசை.

மூத்தவள் பதினோரு வருடமாக மண் சலிக்கிறாள். அவளுடைய மண்ணில் மருந்து மாதக்கணக்கில் அசைவதில்லை. நேற்று வந்த ஓரகத்தியின் ஜன்னலோரப் புட்டிகளிலோ இரண்டே வாரத்தில் பாதியாகிவிட்டது. “கைராசிக்காரிம்மா நீ” என்றார் மேலாளர். மூத்தவளின் வயிற்றெரிச்சலில் அன்று ஓர் அண்டா வெந்நீர் போட்டிருக்கலாம்.

வெயில் படாமல் ஒன்றாவது கெட்டுப்போகட்டும் என்று, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஓரகத்தியின் கண்ணில் படாத பின்வரிசைப் புட்டி ஒன்றில் கறுப்புத் தாளைச் சுற்றிவைத்தாள்.

பத்து நாள் கழித்துச் சோதித்தார்கள். அந்தப் புட்டியில் மட்டும் மருந்து குறையவே இல்லை. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“அப்ப மருந்தைச் சிதைக்கிறது வெயில்தான். ஒப்பிட்டுப் பார்க்க இருட்டுல ஒண்ணு வைக்கணும்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?”

ஓரகத்தி திருதிருவென்று விழித்தாள். இந்தப் பாராட்டும் அவளுக்கா? மூத்தவளால் பொறுக்க முடியவில்லை.

“சுத்தினது நான் சார்.”

அவர் போனதும் ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமேக்கா?”

“சொல்லிட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு பொறாமையாடி?”

அறிக்கையில் இருவர் பெயரும் வந்தன. தன் பெயர் இரண்டாவதாக இருந்ததை மூத்தவள் இன்னும் மன்னிக்கவில்லை.