கூரைப்பக்கம் அடித்தால் அவுட்

தகரக் கூரையில் டென்னிஸ் பந்து விழுந்தால் முதலில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்கும், பின்னாலேயே அது சரிவில் கடகடவென்று உருண்டு வரும் சத்தம் கேட்கும், அதற்கும் பின்னால் எங்கள் அம்மாவின் குரல் கேட்கும். மூன்றிலும் பெரிய சத்தம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முன்னால்தான் மைதானம். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். லயத்துக்கும் தேயிலை மலைக்கும் நடுவில் மிஞ்சிய துண்டு நிலம் அது. மட்டையோடு நிற்பவருக்கு வலப்பக்கம் எங்கள் கூரை, இடப்பக்கம் தேயிலை. அப்பாவுக்குத் தேயிலை 'பெக்டரி'யில் இரவு வேலை என்பதால் பகலில்தான் தூங்குவார். அவர் தூக்கத்துக்காக அம்மா, நான் பிறப்பதற்கு முன்பே, ஒரு சட்டம் போட்டிருந்தாள்: "கூரப்பக்கம் அடிச்சா அவுட்டு. ஒத்துக்கிட்டா ஆடுங்க, இல்லாட்டி பந்த அடுப்புல போட்டுருவேன்." அந்த லயத்தில் தோட்டத்துரை சொல்லைக்கூடத் தட்டிவிடலாம், அம்மா சொல்லைத் தட்ட முடியாது.

அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்தான் என் தாய்மாமா தியாகு. தாய் தகப்பன் இல்லாததால் சின்ன வயதிலிருந்து எங்களோடு இருந்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து இடப்பக்கமே அடித்து அடித்து, பந்தைத் தேயிலை மலையின் மூன்றாவது வரிசைக்கு மேல் ஏற்றிவிடும் கை அவருக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து 'சொஃப்ட்போல்' கிரிக்கெட் போட்டிகளில் ஆறு பேர்தான் ஓர் அணி. அதில் ஒருவர் வெளியூர்க்காரராக இருக்கலாம் என்பது வழக்கம். அந்த ஒருவராகத்தான் மாமா ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினார். ஒரு வாரம் மாத்தளை டவுனுக்கு ஆடுவார், மறுவாரம் மாத்தளை டவுனுக்கு எதிராக ஆடுவார். இன்று எந்த ஊர்க்காரன் என்று அம்மா கேலியாகக் கேட்டால், "போய்ப் பாத்தாத்தாங்க்கா தெரியும்" என்பார். அவருக்கென்று ஒரு டீம் கிடையாது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பலாபத்வலயில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடை வைத்திருந்த ஹனீபா நானா அவரை அதிகம் கூப்பிட்டவர். சொந்தத் தம்பிபோலப் பார்த்துக்கொண்டவரும்கூட. அவர்தான் ஒருநாள் மலையேறி எங்கள் வீட்டுக்கே வந்தார். கண்டிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் அணி மாத்தளைப் போட்டிக்கு வருகிறதாம், பெரிய அடி அடிக்கிற ஒருவரைத் தேடுகிறார்களாம். "புடிச்சிட்டுதுண்டா டீம்ல எடமும் உண்டு, கம்பனில நெரந்தர வேலையும் உண்டு தங்கச்சி. அல்லா நாடினா நம்ம தம்பிக்குக் கெடைக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். பந்தடிப்பதை அதுவரை ஒரு பிழைப்பாக மதிக்காத அம்மா, அன்று நானாவுக்கு டீயில் சீனி அள்ளிப் போட்டாள்.

போட்டியன்று அம்மாவும் நானும் முத்துமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு மைதானத்துக்குப் போனோம். காலை ஆட்டங்களில் மாமா அடித்த அடியில் பந்துகள் மதிலைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தன. கம்பனி அணி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. மாலையில் இறுதியாட்டம், நானாவின் அணியும் கம்பனி அணியும். மாமா மட்டையைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் நடந்து இடப்பக்கம் போய் நின்றுவிட்டார்கள். வலப்பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பந்துகளை வலப்பக்கம் விலக்கி விலக்கிப் போட்டார்கள். ஒரு தட்டுத் தட்டித் தூக்கிவிட்டால் போதும், அங்கே தடுக்க யாரும் இல்லை. மாமா தூக்கவில்லை. ஒவ்வொரு பந்தையும் எட்டிப் பிடித்து, இழுத்து, கூட்டமாக ஆட்கள் நின்ற இடப்பக்கமே உருட்டினார்.

"அங்கால ஆளே இல்ல தம்பி! அங்கால அடிங்க!" என்று நானா கத்தினார். கடைசிப் பந்துக்கு நான்கு ஓட்டம் வேண்டும். என் பக்கத்தில் இருந்த அம்மா திடீரென்று எழுந்தாள். அத்தனை ஆண்கள் நடுவில், அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய் தியாகு, இங்க கூர இல்லடா! அடிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். தலையைக்கூட ஆட்டினார். பந்து வந்தது. அதையும் இடப்பக்கமே இழுத்தார். அது வானத்துக்கு ஏறி, அங்கே நின்ற ஒருவர் கையில் பத்திரமாக இறங்கியது.

கம்பனிக்காரர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். இரத்தோட்டை பஸ்ஸில் மாமா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "தெரியுதுக்கா. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லன்னு கண்ணுக்குத் தெரியுது. கை போகமாட்டேங்குது" என்றார். அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வாசலில் நின்று, இனிமேல் யாரும் எந்தப் பக்கமும் அடிக்கலாம் என்று சொன்னாள். உள்ளே அப்பா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அம்மாவே பந்து போட, மாமா கூரைப்பக்கம் அடித்துப் பழகப் பார்த்தார். பந்தெல்லாம் தேயிலைக்குள்தான் போயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகும் மாமா வருடக்கணக்கில் ஆடினார். ஆனால் சங்கதி ஊர் ஊராகப் பரவிவிட்டது. அவர் மட்டையோடு வந்தாலே எல்லோரும் இடப்பக்கம் நடந்தார்கள். கூப்பிடுகிறவர்கள் குறைந்து, கடைசியில் நானா ஒருவர்தான் மிஞ்சினார். அவரும் காலமாகிவிட்டார்.

இப்போது அந்தத் துண்டு நிலத்தில் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். லயம் இல்லை, தகரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளும் அநேகமாக இல்லை. மாமா பலாபத்வல ரோட்டோரத்து வாசனைத்திரவியத் தோட்டம் ஒன்றில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். போன மாதம் பார்க்கப் போனேன். ஏதோ ஒரு அணியின் பழைய 'டீசேட்' போட்டிருந்தார். வெளியாளுக்கென்று யாரும் சட்டை அடிப்பதில்லை, அன்று வராதவனுடையதைத்தான் தூக்கிக் கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் இப்போது அவருக்கு வேலைக்கு உடுப்பு.

"நிஸாம்! இங்க வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. புதிதாக வந்த மேனேஜராம். மாமா திரும்பினார். அவருடைய முதுகில் நிஸாம் என்று எழுதியிருந்தது.

"பேரு அதில்லன்னு சொல்லலையா மாமா?"

"மொத நாள் சொன்னேன். மறுநாள் வேற சட்ட போட்டுட்டுப் போனேன், அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. விட்டுட்டேன்."

வீட்டில் அவரிடம் அப்படிப் பத்துப் பன்னிரண்டு சட்டைகள் இருக்கும். ஒன்றிலாவது தியாகு என்று இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. உள்ளேயிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"வாரேன் சார்" என்றார் மாமா.