அக்கா திருப்பிய கேமரா

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே ஒரு துக்கத்தில் கலந்துகொண்டேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். ஒலிப்பதிவு வகுப்பு. பழைய நெசவாலைக் கட்டடம் ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். ஒரு மாணவனை நாற்காலியில் உட்காரவைத்து, மைக் மாட்டி, பேட்டி எடுத்துப் பழகினோம். முடிந்ததும் கிளம்பலாம் என்று பையை எடுக்கப் போனேன். ஆசிரியை கையை உயர்த்தி, "ரூஹே, பிட்டே" என்றார். அமைதியாக இருங்கள் என்பது வரை எனக்கு ஜெர்மன் தெரியும். அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எல்லாருடைய பார்வையும் தரையில். மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. யாரோ இறந்துபோயிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். கையைக் கட்டி, கண்ணை மூடி, முகம் தெரியாத அந்த மனிதருக்காக வேண்டிக்கொண்டேன். "டாங்கே" என்று ஆசிரியை நன்றி சொன்னதும் எல்லாரும் பழையபடி சிரித்துப் பேச ஆரம்பித்தது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தணிந்த குரலில், "யாருக்காக?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "இந்த அறைக்காக" என்றாள். இந்த அறையிலா இறந்தார் என்று இன்னும் கலங்கிப்போனேன்.

பிறகு அவள்தான் விளக்கினாள். ஒவ்வொரு அறைக்கும் அதற்கே உரிய ஒரு மௌனம் இருக்கிறதாம். பேட்டியை வெட்டி ஒட்டும்போது வெட்டிய இடம் தெரியாமலிருக்க, அந்த மௌனத்தைத் தனியாகப் பதிவுசெய்து அடியில் பரப்ப வேண்டுமாம். அதற்கு இங்கே ஆட்மோ என்று பெயர். நான் கண்ணை மூடி நின்ற கதையைச் சொன்னதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பெயர் ஹன்னா. எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் தோழி. பூதப்பாண்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டின் மௌனத்தைப் பதிவுசெய்தால் என்ன கிடைக்கும் என்று அன்று யோசித்துப் பார்த்தேன். மிக்ஸி, கோயில் ஸ்பீக்கர், பேருந்து ஹாரன், அம்மா யாரையோ கூப்பிடுவது. அதை எதன் அடியில் பரப்புவது?

நான் படிப்பது திரைப்படமும் ஊடகமும். இதை ஊரில் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. "சினிமா படிக்கதுன்னா, நடிக்கதுக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்பம் டைரக்சனா?" அதுவும் முழுதாக இல்லை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் "கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட படிப்பு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதோடு கேள்வி நின்றது. உண்மையில் இங்கே காலையில் ஒரு படிப்பு, மதியத்துக்கு மேல் வேறொரு படிப்பு. காலையில் பேராசிரியர் ஒரே ஒரு நிழற்படத்தைத் திரையில் போடுவார். பாதி திறந்த கதவு, பக்கத்தில் ஒரு பெண். கேமரா ஏன் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், பார்ப்பவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று சாப்பாட்டு வேளை வரைக்கும் பேச்சு நடக்கும். மதியம் ஸ்டுடியோவுக்குப் போனால் யாருக்கும் உரிமை பற்றிய கவலை இல்லை. கேபிளை ஒரு சுற்று உள்பக்கமாக, அடுத்த சுற்று வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். ஸ்டாண்டின் மூன்று காலில் ஒன்று நடிப்பவரை நோக்கி இருக்க வேண்டும். காலையில் கற்றதற்கும் மதியம் கற்றதற்கும் என்ன உறவு என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. இரண்டு தேசங்களுக்கு ஒரே மாணவர் அட்டையோடு போய்வருவது போலிருந்தது.

ஆனால் ஒன்று சீக்கிரம் புரிந்தது. இங்கே தெருவில் கேமராவை எடுத்தால் ஆட்கள் விலகுவார்கள். டிராம் நிறுத்தத்தில் நான் வெறும் தண்டவாளத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முதியவர் வந்து, தன் முகம் அதில் விழுந்திருந்தால் அழித்துவிட வேண்டும் என்று மரியாதையாக, ஆனால் கண்டிப்பாகச் சொன்னார். அழித்துக் காட்டிய பிறகுதான் டிராமில் ஏறினார். பின்னால் ஊருக்குப் போய், கருங்கல் சந்தையில் அதே கேமராவை வைத்தபோது, "எந்த டிவி?" என்று ஒரு கூட்டம் கூடிவிட்டது. மரச்சீனிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றார். நான் அவரைத் தாண்டிக் கேமராவைத் திருப்பியதற்கு, "எனக்க மொகரைக்கு என்ன கொறச்சல்?" என்று சண்டைக்கே வந்தார். எந்த ஊரில் மனிதர்கள் தங்கள் முகத்தை அதிகம் மதிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

கருங்கலுக்கு நான் கேமராவோடு போனது என் அக்காவைப் படம் எடுக்க. இரண்டாம் ஆண்டில் ஆளுக்கொரு சிறு ஆவணப்படம் எடுக்க வேண்டும். அதைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். அக்கா பெயர் வசந்தி. இன்ஜினியரிங் முடித்தவள். கருங்கலில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். கல்யாணமாகிப் போன பிறகு அவள் பேச்சில் மலையாளம் கூடிவிட்டது. நாங்கள் கேலி செய்வோம். அவள் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அக்கம்பக்கத்து ஒருத்திக்குச் சும்மா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. இப்போது காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் நர்சு, ஆசிரியை, பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று ஒரு வரிசையே நிற்கிறது. நான் ஜெர்மனிக்கு வரவேண்டும் என்று அப்பாவிடம் வாதாடி ஜெயித்ததும் அவள்தான்.

மைதானத்தில் அவளைப் படமெடுப்பது சுகமாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "விட்டிராத டீச்சரே, விட்டிராத!" என்று கத்தியபடி போவார். அக்கா பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன், நேரா பாருங்கோ" என்று கூடவே ஓடுவாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்துவிடுவாள். அந்த அம்மாள் மைதானத்தின் அடுத்த கோடியில் திரும்பிப் பார்த்து, தூரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிற அக்காவைக் கண்டு அலறுவார். ஆனால் வண்டி விழாது.

கடைசி நாள் அக்கா வீட்டு முற்றத்தில் பேட்டி. ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கவைத்து, சுடிதார்க் கழுத்தில் சின்ன மைக்கைக் குத்திவிட்டுக் கேட்டேன்: "உனக்கு எங்கயாவது போகணும்னு தோணினதே இல்லியா அக்கா?"

"எனக்கு எங்க போணும்? நாந்தான் எல்லாரையும் போவ வைக்குதேனே."

இதுதான் என் படத்தின் கடைசி வசனம் என்று அந்தக் கணமே முடிவு செய்தேன். இன்னொரு முறை சொல்லவைக்கலாம் என்று பார்த்தால், பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டார்கள். நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மதிலோரம் போனேன். திரும்பி வந்தபோது அக்கா ஸ்கூட்டரில் பழையபடி சாய்ந்து நின்றாள்.

ஜெர்மனிக்குத் திரும்பியதும் படத்தொகுப்பை ஹன்னாவிடம் கொடுத்தேன். அப்படித்தான் இங்கே வழக்கம். எடுத்தவரே வெட்டக்கூடாது. அவள் ஒரு நிபந்தனை போட்டாள். முதல் வெட்டு முடியும்வரை உன் அக்கா என்ன பேசுகிறாள் என்று எனக்குச் சொல்லாதே, நான் முகத்தை மட்டும் பார்க்கிறேன் என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் அக்காவின் பேச்சுதானே படம்? ஆனாலும் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்ற ஆவலில் சம்மதித்தேன். ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொகுப்பு அறைக்குக் கூப்பிட்டாள். படம் ஓடியது. மைதானம், சந்தை, அந்த அம்மாளின் அலறல், எல்லாம் இருந்தன. கடைசியில் என் வசனம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் நான் பார்த்தே இராத ஒரு காட்சி வந்தது.

நான் மதிலோரம் போனபோது கேமராவை நிறுத்தவில்லை. எடுத்ததை ஓட்டிப் பார்த்தபோது பதில் முடிந்த இடத்தோடு நானும் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். ஹன்னா நிறுத்தாமல் முழுவதும் பார்த்திருக்கிறாள். படத்தில் அக்கா தனியாக நிற்கிறாள். சுற்றும்முற்றும் பார்க்கிறாள். நேராகக் கேமராவை நோக்கி வருகிறாள். முகம் பெரிதாகிப் பெரிதாகி மறைகிறது. படச்சட்டம் ஒரு குலுங்கு குலுங்குகிறது. பிறகு மெல்ல, மெல்ல, கேமரா வலப்பக்கமாகத் திரும்புகிறது. ஸ்கூட்டர் போகிறது, துணிக்கொடி போகிறது, பலாமரம் போகிறது. மதிலோரம் ஒரு பெண் முதுகு காட்டி நின்று யாரிடமோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள். கேமரா அங்கே நிற்கிறது.

"யார் இதை எடுத்தது? நீ எடுக்கிற மாதிரி இல்லையே. அந்த விருந்தாளிப் பெண் யார்?" என்று ஹன்னா கேட்டாள்.

"விருந்தாளி இல்லை. நான்தான்."

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சடை பின்னி, சுடிதார் போட்டிருந்ததால் தெரியவில்லை என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "நடையும் கொஞ்சம் விருந்தாளி மாதிரி இருந்தது" என்றாள். உண்மைதான். முற்றத்து ஜல்லியில் வெறுங்காலோடு, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்து நடந்திருந்தேன்.

அன்றே அக்காவைக் கூப்பிட்டேன். கேட்காமல் அதைப் படத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறொரு பயமும் இருந்தது. அவளுக்கும் இப்படிப் படம் எடுக்கப் படிக்கிற ஆசை இருந்து, எனக்காக விழுங்கிவிட்டாளோ என்று.

"அக்கா, அன்னைக்கு நான் மோட்டார நிறுத்தச் சொல்லப் போனப்ப, நீ கேமராவத் தொட்டியா?"

 "ஏன், கெட்டுப்போச்சா?"

"இல்ல. ஓடிட்டு இருந்திருக்கு. நீ திருப்புனது எல்லாம் பதிவாயிருக்கு."

"அய்யோ! அத அழிச்சிரு மக்கா. ஆரும் பாக்கதுக்கு முன்ன அழிச்சிரு."

"ஹன்னா பாத்துட்டா."

"என்ன சொன்னா?"

"எடுத்தது ஆருன்னு கேட்டா."

 ரொம்பவும் சாதாரணமாகக் கேட்பதுபோல, "கொள்ளாமா ஏட்டி?" என்றாள்.

நல்லா இருக்கு என்றேன். என் பயத்தையும் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "நல்ல கத! எல்லாத்தையும் அழுவக் கதையா ஆக்காத கேட்டியா. நீ ஊருக்கு வந்த நாள்லேருந்து அந்தப் பெட்டிக்குப் பின்னால நின்னுட்டு என்னையே பாத்துட்டிருந்த. பொறந்ததுலேருந்து நீ என்னை அப்பிடிப் பாத்ததில்ல. அதுக்குள்ள என்னதான் தெரியுதுன்னு போய்ப் பாத்தேன். நீ தெரிஞ்ச. அம்புடுதான்."

"அப்பம் படத்துல வைக்கலாமா?"

"வையி. ஆனா கடைசியில பேரு ஓடும்லா, அதுல எனக்க பேரும் வரணும்."

காலை வகுப்பில் அந்தக் காட்சியைப் போட்டேன். பார்க்கப்படுகிறவர் பார்வையைக் கைப்பற்றுகிறார் என்றார் பேராசிரியர். இது ஒரு எதிர்ப்பு என்றான் ஒருவன். இல்லை, தங்கையைக் காவல் காக்கிற பார்வை என்றாள் இன்னொருத்தி. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு அக்கா சொன்னதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னேன். 'நீ தெரிஞ்ச' என்பதை எப்படி மொழிபெயர்ப்பாய் என்று பேராசிரியர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். கண்ணுக்குப் பட்டாய் என்றும் சொல்லலாம், இன்னாரென்று அறிந்துகொண்டேன் என்றும் சொல்லலாம், தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றேன். அவர் அதைப் பலகையில் தமிழிலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். காலை வகுப்பும் மதிய வகுப்பும் ஒரே படிப்புதான் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

என் வசனத்துக்காக நான் ஹன்னாவிடம் சண்டையிட்டேன். பாதி ஜெயித்தேன். அது படத்தின் நடுவில் வந்தது. முடிவு அக்காவுடையதாகவே இருந்தது. ஒலிக்கலவையையும் ஹன்னாவே செய்தாள். திரையிடலுக்கு முன்பு நான் அதைத் தொகுப்பு அறையின் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்டிருந்தேன்.

திரையிடல் கோடைகாலத்தில், பல்கலைக்கழக அரங்கில் நடந்தது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து அலறியபோது அரங்கமே சிரித்தது. சரியான இடத்தில் சிரிக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தது. பிறகு கேமரா திரும்பியது. துணிக்கொடி, பலாமரம், மதில். அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் அக்காவின் மூச்சு கேட்டது. அவள் கழுத்தில் குத்திய மைக் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஹன்னாவுக்கு அந்த மூச்சு பிடித்துப்போய், அதைக் கூட்டி வைத்திருந்தாள். மூச்சோடு கூடவே ஒரு முணுமுணுப்பு இருந்ததை அவள் கவனித்திருக்க வழியில்லை. கவனித்திருந்தாலும் அவளுக்கு அது வெறும் சத்தம். திரையில் அதற்கு மொழிபெயர்ப்பு எழுத்து எதுவும் ஓடவில்லை. அந்த அரங்கில் அது புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வா... ஆங்... அங்கனயே நில்லு மக்கா. போவாத."

படத்தில் இருந்தவளுக்கு அது கேட்கவில்லை. பேச்சை முடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, சட்டத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டாள். வெறும் மதில் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பெயர்கள் ஓடின, விளக்கு போட்டார்கள், எல்லாரும் கைதட்டியபடி எழுந்தார்கள். ஹன்னா வாவென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் மட்டும் நாற்காலியில், அக்கா சொன்னபடி, அசையாமல் இருந்தேன்.