ஒரே மதிலில் நானும் மச்சானும்

மதிலில் படம் கீறுகிறவர்கள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். அதனாலோ என்னவோ, தெருவில் போகிற எல்லோருக்கும் எங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போகத் துணிவு வந்துவிடுகிறது.

நானும் என் கணவர் நஸீரும் கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்தத் தொழிலைச் சேர்ந்துதான் செய்கிறோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார், ஒரு பெட்டி உடுப்போடும் அதைவிடப் பெரிய பெட்டி நிறையப் பெயிண்ட் தகரங்களோடும். கோடு அவருடையது, நிறம் என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். பாலர் பாடசாலை, சாப்பாட்டுக் கடை, கலியாண மண்டபம் என்று கல்முனையைச் சுற்றி எங்கள் கை பட்ட சுவர்கள் நிறைய. கணவனும் மனைவியுமாக ஒரே கடையில் நிற்கிறவர்களே, ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்களே, ஒரே தையல் மெசினுக்குச் சண்டை பிடிக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்குமோ தெரியாது.

ஏணியில் ஏறுவது யார்

புதிதாகக் கலியாணம் முடித்திருந்த நேரம், கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்தது. உயரமான சுவர். கூரை வரைக்கும் கடலும் தோணிகளும் வேண்டும் என்றார் முதலாளி. வந்ததிலிருந்து அவர் மச்சானோடு மட்டும்தான் கதைத்தார். மச்சான் என்றது என் கணவரைத்தான்; எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் கணவனை அப்படித்தான் கூப்பிடுவோம். தேத்தண்ணியும் ஒரு கோப்பைதான் வந்தது. "உங்கட பொஞ்சாதி சாமான் எடுத்துத் தரவா வந்திரிக்கா?" என்று என்னை வைத்துக்கொண்டே கேட்டார். மச்சான் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டேன்.

முதலாளிக்குத் தெரியாத விஷயம், மச்சானுக்கு உயரம் என்றால் உயிர் போகும். நீளக் கம்பில் கரித்துண்டைக் கட்டி, தரையில் நின்றே கோட்டைப் போட்டுவிடுவார். அதன் பிறகு ஏணியில் ஏறுவது, தொங்குவது எல்லாம் நான்தான். மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பி வந்த முதலாளி, கூரைக்குக் கிட்ட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேகத்துக்கு வெள்ளை அடிக்கிற என்னைப் பார்த்தார். கீழே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி நிற்கிற மச்சானையும் பார்த்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப தம்பிக்கு என்ன வேலை?"

ஆடு வேணாம்

பாலமுனையில் ஒரு பாலர் பாடசாலை. முன்மதிலில் ஆடு, குளத்தில் நீந்துகிற தாரா, பூனை எல்லாம் கீறிப் பாதி நிறமும் கொடுத்துவிட்டோம். அப்போது சில பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை. உயிருள்ளதைக் கீறலாமா என்பதில் முஸ்லிம்களான எங்களுக்குள் பல அபிப்பிராயம் உண்டு. அதை நாங்கள் மதிக்கிறவர்கள்தான். ஆனால் வேலை பாதியில் நிற்கிறது, திறப்புவிழா நெருங்குகிறது, ஆசிரியைக்கு அழுகை வருகிறது. கண்ணை மட்டும் அழித்துவிட்டால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அழித்துப் பார்த்தோம். கண்ணில்லாத ஆட்டைப் பார்த்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

மச்சான் தூரிகைகளைக் கழுவிப் பையில் போடத் தொடங்கினார். "இரிங்க மச்சான், படம்தான் போகப்போகுது, மதில் இஞ்சதானே இரிக்கி" என்றேன். முழு மதிலுக்கும் வெள்ளை அடித்தோம். பிறகு ஒரு கம்பி வேலி கீறினோம். வேலியில் ஒரு பொட்டு, ஆடு நுழைகிற அளவு ஓட்டை. முளையில் கட்டிய கயிறு விறைப்பாக இழுபட்டு அந்தப் பொட்டுக்குள் போய் மறைகிறது. பக்கத்தில் கடித்துப் போட்ட பலா இலைகள். குளத்தில் இப்போதுதான் ஏதோ குதித்த மாதிரி வட்ட வட்டமாக அலை. எதிர்ப்புச் சொன்னவர்களுக்காக முன்னால் நின்று கதைத்த மௌலவி கடைசி நாள் வந்து பார்த்தார். வேலிப் பொட்டுக்குள் குனிந்துகூடப் பார்த்தார். நிமிர்ந்து தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஆடு இல்லதான். ஆனா கத்துற சத்தம் கேக்குது."

ரெண்டு பச்சை

வீரமுனையில் ஒரு பாடசாலை மதிலில் வயல் கீற வேண்டும். போகிற வழியிலேயே எங்களுக்குள் சண்டை. எதற்கென்று இப்போது இருவருக்கும் ஞாபகம் இல்லை. பெயிண்ட் தகர மூடியைச் சரியாக அடைக்காததில் தொடங்கியது என்று நினைக்கிறேன். கதைக்காமலே போய் இறங்கினோம். அவர் மதிலின் ஒரு அந்தத்தில் நின்று வேலையைத் தொடங்கினார். நான் மற்ற அந்தத்துக்குப் போய்விட்டேன். கோடு, நிறம் என்ற பிரிவினை அன்றைக்குச் செல்லாது. அவரவர் பக்கத்துக்கு அவரவரே எல்லாம்.

கிட்டக் கிட்ட வந்து நடுவில் சந்தித்தபோதுதான் பார்க்கிறோம், அவருடைய வயல் இளம்பச்சையில் இருக்கிறது, என்னுடையது மஞ்சள் தட்டி நிற்கிறது. பாடசாலை அதிபர் அம்மா அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். வயல் செய்கிற குடும்பத்துக்காரி. எங்கள் முகங்களைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், நடந்தது முழுக்க விளங்கிவிட்டது போல. சிரிக்காமல் மச்சானுடைய பக்கத்தைக் காட்டிச் சொன்னார்: "சேர்ர பக்கத்துக்கு இன்னும் தண்ணி கட்டணும். மிஸ்ஸிட பக்கத்துக்கு நாளைக்கே வெட்டுற மெசினக் கூப்பிடலாம்."

அழிந்த பேர்

எங்கள் படங்களின் அடியில் இரண்டு பேர் இருக்கும்: நஸீர், ரிஹானா. சாய்ந்தமருதில் ஒரு கலியாண மண்டபத்தின் முகப்பை முடித்துக் கொடுத்த கிழமை, அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் போனோம். என் பேரின்மேல் கிரீம் நிறத்தில் ஒரு பூச்சு. மச்சான் அந்த இடத்திலேயே பிரேக் பிடித்தார். மனேஜர் ஓடி வந்து, "பொம்பிளைட பேர் ரோட்டோரத்தில கிடக்கப்படாதாம், முதலாளி ஹாஜியார் சொன்னார். மரியாதைக்குத்தான் சேர்" என்றார். மச்சான் சண்டை பிடிக்கவில்லை. அந்தக் கிரீம் பெயிண்டையும் தூரிகையையும் கொண்டுவரச் சொன்னார். கீழே குந்தித் தன்னுடைய பேரையும் பூசி மறைத்தார். "அப்ப என்ட பேருக்கும் அந்த மரியாதை கிடைக்கட்டும்" என்றுவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் இருந்த எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் எரிச்சல். அழகான எழுத்து அது, நான் எழுதியது.

பிறகு ஒரு பெரிய வீட்டுக்காரர் கூப்பிட்டு, ஒரு பேர் மட்டும் போடுவதென்றால் தன் வீட்டு வேலையைத் தருவதாகச் சொன்னார். கையில் வேறு வேலை இல்லாத மாதம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ரெண்டு பேர் கீறினா ரெண்டு பேர்ர பேரும் வரும்" என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வேலை வரும் வரை வீட்டில் கறியில்லாமல் சோறும் மாசிச் சம்பலும்தான்.

அதற்கிடையில் மண்டபத்துக்குக் கலியாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பதும், யார் கீறியது என்று கேட்பதுமாக இருந்திருக்கிறார்கள். ஒரு பின்னேரம் ஹாஜியாருடைய மனைவி ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரையில் உட்காரக்கூட இல்லை. "மகள், அந்த மண்டபம் என்ட வாப்பா எனக்குத் தந்த வளவில நிக்கிது, காணி உறுதிப் பத்திரம் என்ட பேர்லதான் இரிக்கி. ரெண்டு பேரையும் திருப்பி எழுதுங்க. பொம்பிளைட பேர மேல போடுங்க."

கோடு கை மாறியது

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. சவளக்கடைப் பக்கம் ஒரு பாடசாலையில் நீண்ட மதில்; குளத்திலிருந்து கடல் வரைக்கும் எங்கள் பிரதேசம் முழுவதும் வர வேண்டும். பாதிக்கு மச்சான் கோடு போட்டுவிட்டார். பெயிண்ட் வாங்கக் கல்முனைக்குப் போய் வருகிற வழியில், வீதிக்குக் குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியைத் திருப்பி விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டினார்கள். "பழைய மாதிரி வருமா?" என்று நான் கேட்டதற்கு டொக்டர், "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்ட மச்சான் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடக்கையால் சாப்பிட மனம் வராமல் பட்டினி கிடக்கப் பார்த்தார். நான்தான் குழைத்து ஊட்டினேன். வாயைத் திறப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார்.

பாடசாலை அபிவிருத்திக் குழுச் செயலாளர் தொலைபேசியில் வந்து, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று பக்குவமாகக் கேட்டார். "வேணாம் சேர், நாளைக்கு வருவோம்" என்றேன். "ஆர் வருவோம்?" என்றார் பக்கத்தில் கிடந்த மச்சான். "நீங்களும் நானும்." மறுநாள் வேப்ப மர நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு அவரை இருத்திவிட்டுக் கரியைக் கையில் எடுத்தேன். நிறம் கொடுத்த கைக்குக் கோடு பிடிபடவில்லை. "அந்தத் தோணிட முன்பக்க அணியம் அப்படி வளையாது... ஐயோ, இன்னும் மேல, இன்னும்..." என்று கத்தினார். அழித்தேன், கீறினேன், திரும்ப அழித்தேன். கடைசியில் கரியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துத் திரும்பினேன். "மச்சான், உங்கட கோட்ட என்னால போட ஏலாது. என்ட கோட்டத்தான் போடுவன். பார்த்துக்கிட்டு இரிங்க." எப்போது என்று கவனிக்கவில்லை, கதிரையை விட்டு எழும்பி வந்து இடக்கையால் எனக்குப் பெயிண்ட் கலக்கித் தந்துகொண்டிருந்தார்.

கட்டு அவிழ்த்த பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. நீளக் கோடு இழுத்தால் கை நடுங்குகிறது. துணிப் பட்டியால் தூரிகையைக் கையோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி நிறம் நிரப்பப் பழகினார். "இந்த நீலத்துக்கு எவ்வளவு வெள்ளை?" என்று என்னிடம் கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் தெரியாத மாதிரிப் பதில் மட்டும் சொன்னேன். மதில் முடிந்தது. திறப்புவிழாவில் செயலாளர் மச்சானுடைய நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார்: "அல்ஹம்துலில்லாஹ், விபத்துக்குப் பிறகு உங்கட கோடு முந்தியவிடத் தெளிஞ்சிரிக்கி சேர்!"

கடலோடு போட்டி

இப்போது எங்களுக்குப் பிடிவாதமான மதில் ஒன்று இருக்கிறது. ஒலுவில் பக்கம், கடலுக்கு மிகக் கிட்ட, மீனவர் சங்கக் கட்டடத்து மதில். எந்தப் பூச்சு அடித்தாலும் மாரி முடியும்போது உப்பு ஊறிப் படம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். பெரிய நகரத்திலிருந்து வந்த பெயிண்ட் கடைக்காரர்கூட இந்த இடத்தில் கீறுவது வீண்வேலை என்றார். மச்சான் நடுங்குகிற கையால் உதிர்ந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ரிஹானா, கோட்டப் போடு" என்றார். நான் போட்டேன். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் போடுகிறேன். அவர் பின்னாலேயே நிறத்தோடு வருகிறார்.

போன முறை கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து எங்களுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். ஏதும் யோசனை சொல்லப்போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அவர் கடலை ஒருதரம் பார்த்தார், எங்களை ஒருதரம் பார்த்தார். "இது தின்னுது, நீங்க கீறுறீங்க. ஆர் முதல்ல களைக்கிறதெண்டு பார்க்கத்தான் நான் நிக்கன்."

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தொழிலைச் செய்வதில் உள்ள பெரிய வசதி, வேலையை விடுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று இருவருக்குமே தெரியாததால் வேலை தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பதுதான்.