ஏற்காட்டில் பிடித்த சுண்டெலி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. சுண்டெலியின் ஒரே ஒரு மரபணுதான் என் உலகம். செல்லின் மேல் உட்கார்ந்து வெளியிலிருந்து வரும் சேதியை வாங்குகிற புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அப்படி ஓர் ஏற்பியைச் செய்கிற மரபணு அது. அது டி.என்.ஏ. இழையில் எத்தனை துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று கண் பூத்துப்போகப் படித்து முடித்திருந்தேன். எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பது மட்டும் பாக்கி. இரண்டையும் சேர்த்து முதலில் நாங்கள் அச்சில் கொண்டுவந்தால் எனக்குப் பட்டம். வேறு யாராவது முந்திக்கொண்டால் அத்தனையும் போச்சு.

குரோமோசோமைக் கண்டுபிடிக்க எலிகளைச் சேர்த்துக் குட்டி போடவைத்து, எங்கள் மரபணு வேறு எந்த மரபணுவோடு கூடவே குட்டிகளுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்து எலிகள் எல்லாம் ஒரே மாதிரி. அவற்றுக்குள்ளேயே சேர்த்தால், குட்டிக்கு வந்தது தாயுடையதா தகப்பனுடையதா என்று பிரித்தறிய முடியாது. வேறு வம்சத்து எலி வேண்டும். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுத்து வரவழைத்துக்கொள்வான். எங்கள் இறக்குமதி அனுமதி எந்த மேஜையில் தூங்கியதோ, கடவுளுக்கே வெளிச்சம். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏற்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே எலி பிடிக்கக் கிளம்பினேன்.

அப்பா அங்கே காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஆட்களெல்லாம் வேட்டையில் இறங்கிவிட்டார்கள். மாரமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருத்தர், மறுநாளே நாலைந்து சுண்டெலிகளை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். எல்லாம் செத்தவை.

“உசுரோட வேணுங்க அக்கா!”

“ஏனுங்க சாமி, எலியை உசுரோட வெச்சு என்ன பண்ணுவீங்க? நொம்பச் சிரமப்பட்டு அடிச்சேனுங்க.”

செத்த எலி குட்டி போடுமா? தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அக்காவை என்ன குறை சொல்ல? கம்பிப் பொறி வாங்கி நானே வைத்தேன். ஒருநாள் பெருச்சாளி, ஒருநாள் வெறும் பொறி, தேங்காய்ச் சில்லு மட்டும் மாயம். எரிச்சலில் அம்மாவிடம்கூடச் சிடுசிடுத்தேன். கடைசியில் காப்பிக் கொட்டை அறையில் உயிரோடு ஒரு ஆண் சுண்டெலி மாட்டியது. அப்பாடா என்று கூண்டில் அடைத்து, சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அதற்குள் எஸ்டேட் ஆபீஸுக்கு எனக்குப் போன் வந்தது. பேசியது என் பேராசிரியர். அமெரிக்காவில் ஒரு குழு அதே மரபணுவை வெளியிட்டுவிட்டதாம். துண்டுகளின் கணக்கு அப்படியே எங்களுடையது. குரோமோசோமும் சேர்த்தே போட்டுவிட்டார்கள்.

“என்ன கண்ணு?” என்றார் பக்கத்தில் நின்ற அப்பா.

“அந்த மரபணு எங்க இருக்குன்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சுட்டாங்கப்பா.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கண்டுபிடிச்சாச்சா! நல்லதாப் போச்சு கண்ணு. உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

“நான் கண்டுபிடிக்கலைப்பா!”

கத்தியே விட்டேன். வாசலில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று இனி எல்லோருக்கும் தெரியும். அதைத் தேட நான் தேவையில்லை.