ஐந்தாவது பந்துவீச்சாளர்

இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் ஹாதர்பி கிராமத்தில் டெஸ்மண்ட் ஹேக் வாரம் முழுக்கக் கறிக்கடைக்காரர். சனிக்கிழமை மட்டும் ஆல்ரவுண்டர். மட்டையும் பிடிப்பார், சுழலும் போடுவார். ஏழாவதாக இறங்கி இருபது ரன் அடித்துவிட்டு, சதம் போட்ட தோரணையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அந்த அலட்டலுக்காகவே ஊருக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அந்த வருடம் ஊர்க் கிரிக்கெட் கிளப் முதல்முறையாகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்தது. நாற்பது ஓவர் ஆட்டம். ஒருவர் எட்டு ஓவருக்கு மேல் போடக் கூடாது. ஆக, பந்து வீச ஐந்து பேர் வேண்டும். ஹாதர்பியிடம் உருப்படியாக இருந்தது நாலு பேர். மிச்ச எட்டு ஓவரையும் வீசி, அடிக்கவும் தெரிந்த ஆள் யார்? டெஸ்மண்டா, இல்லை பக்கத்து ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் கேரளத்து ஜிஜோவா?

தேர்வுக் குழுவில் டெஸ்மண்டும் உண்டு. ஆனால் தன் பெயர் பேச்சில் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்தக் கிளப்பின் வழக்கம் அது. மைதானத்தைச் சமன்செய்யும் உருளைமேல் உட்கார்ந்து, உள்ளேயிருந்து ஜன்னலைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எப்போதும் அவர் உட்காருவதற்குள் தட்டிவிடுவார்கள். அன்று தூறல் விழுந்து தொப்பி நனைந்தும் தட்டவில்லை. ஐம்பத்தாறு வயதில் இதை விட்டால் அவருக்கு இன்னொரு இறுதியாட்டம் கிடையாது.

கடைசியில் குழுத் தலைவி டோரீனே குடையோடு வந்தார். கிளப்பில் தேநீர் கொடுப்பதும் அவர்தான், திட்டுக் கொடுப்பதும் அவர்தான்.

"ஜிஜோதான், டெஸ்."

"எல்லாரும் சேர்ந்து கழுத்தறுத்துட்டீங்களா?"

"எல்லாரும் இல்லப்பா. மத்த மூணு பேரும் நீதான்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான்தான் சண்டை போட்டு மாத்தினேன்."

"உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? கிறிஸ்துமஸ் வான்கோழியில எடை குறைச்சேனா?"

"உன் முட்டி போயிடுச்சுன்னு ஊருக்கே தெரியும். பந்து வராத இடமாப் பாத்து உன்னை நிறுத்துறாங்க. கேப்டனோட வியூகம்னு நெனச்சியா? இரக்கப்படுறாங்கடா. உன்னப் பாத்து ஒருத்தன் இரக்கப்படுறது எனக்குப் பொறுக்கல."

டெஸ்மண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. வலியை மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தார் மனிதர்.

"சரி, அவனைச் சர்ச் பக்கத்துலேர்ந்து போடச் சொல்லு. அங்கதான் பந்து திரும்பும்" என்று முணுமுணுத்தார்.

இறுதியாட்டத்தில் அவர் தண்ணீர்ப் புட்டி சுமந்தார். கடைசிப் பந்தில் எதிரணிக்கு மூன்று ரன் வேண்டும். மட்டைக்காரர் கவர் பக்கம் ஓங்கி விளாசினார். அங்கே நின்ற ஜிஜோ குப்புறப் பாய்ந்து, நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தார். ஒரு ரன்தான் ஓட முடிந்தது. கோப்பை ஹாதர்பிக்கு.

ஊரே மைதானத்துக்குள் ஓடியது. டெஸ்மண்ட் மட்டும் எல்லைக்கோட்டருகே நின்று டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி, டோரீன். அங்க நான் நின்னிருந்தா பந்து தாண்டிப் போயிருக்கும்."

"தாண்டியா? உன் கடை வாசல்ல போய் நின்னிருக்கும்" என்றார் டோரீன், கையை விடாமல்.